எட்டு கோரை ஆறு கோர் முந்துவது எப்படி?

2012 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் எஃப்எக்ஸ்-8350 என்ற பிராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ் வேகம். அதே ஆண்டு ஏப்ரலில் இன்டெல் வெளியிட்டிருந்த ஐ5-3570கே-யில் இருந்தவை நான்கே கோர்கள், 3.4 கிகாஹெர்ட்ஸ். பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்தால் இன்டெல் பக்கமே யாரும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைய கேம்களில் பெரும்பாலானவற்றில் ஐ5தான் முன்னால் ஓடியது. எஃப்எக்ஸின் எட்டு கோர்களும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தவை. கட்டளைகளைப் படித்துப் பிரிக்கும் பகுதியையும் தசமக் கணக்குப் போடும் பகுதியையும் ஒவ்வொரு ஜோடியும் பங்கிட்டுக்கொண்டது. இதை எட்டு கோர் என்று சொல்லி விற்றது சரியா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2019இல் 1.21 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொள்ள ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டது.

பதினான்கு ஆண்டுக்கு முந்தைய இந்தச் சங்கதி இன்றைக்கும் பொருந்துகிறது. 2018 வாக்கில் ஏ.எம்.டி.யின் ரைசன் 5 1600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள் நிறையப் பேர். இப்போது புது கேம்கள் திணறுகின்றன. மொத்தமாக மாற்றினால் போர்டு, டிடிஆர்5 ரேம், பிராசஸர் மூன்றும் புதிதாக வாங்க வேண்டும்; 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அது பலருக்கு எட்டாது. ஆகவே இருக்கும் போர்டிலேயே வேறு பிராசஸர் பொருத்தலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். செகண்ட் ஹேண்டில் எட்டு கோர் கொண்ட ரைசன் 7 2700 கிடைக்கிறது. ஆறு கோர் கொண்ட 3600 கிடைக்கிறது. 5500, 5600 என்று அடுத்த தலைமுறையும் இருக்கிறது. எட்டு பெரிதா, ஆறு பெரிதா என்று பார்த்து 2700-ஐ எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமுக்காக எடுப்பதென்றால் அது தவறான தேர்வு. ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தப் போர்டுகளின் சாக்கெட்டான ஏ.எம்.4-க்கு வந்தவை மட்டுமல்ல, எந்தப் பழைய பிராசஸரையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

ஒரு கேம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது? திரையில் விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 6.9 மில்லி விநாடிதான். அதற்குள் பிராசஸர் செய்ய வேண்டியவை ஏராளம். மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது, சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான், எறிந்த குண்டு எதன்மேல் பட்டது, நடப்பவரின் முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு, கடைசியில் எந்தப் பொருளை எங்கே வரைவது என்பதை ஆயிரக்கணக்கான கட்டளைகளாக கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். வரைவது கார்டின் வேலை. கொத்தனாருக்குச் சித்தாள் கலவை எடுத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. கலவை வரத் தாமதமானால் கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சும்மா உட்கார வேண்டியதுதான். கொத்தனார் மெதுவாகக் கட்டுகிறவர் என்றால் சித்தாளை மாற்றிப் பயனில்லை.

பிராசஸரின் பங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வேலைகளில் பல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாமல் யார் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. அது தெரியாமல் எதை வரைவது என்று முடிவு செய்ய முடியாது. இப்படிப் பிரிக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கும் வரம்பு போடுகிறது என்பதை ஜீன் ஆம்டால் 1967இலேயே சுட்டிக்காட்டினார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படத்துக்கான பிராசஸர் வேலை, ஒரே கோரில் செய்தால் 20 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதில் 8 மில்லி விநாடி வேலையைப் பிரிக்கவே முடியாது. மீதி 12-ஐ ஆறு கோருக்குப் பங்கிட்டால் 2; ஆக மொத்தம் 10. எட்டு கோருக்குப் பங்கிட்டால் ஒன்றரை, மொத்தம் 9.5. இரண்டு கோர் கூடுதலாகப் போட்டதற்குக் கிடைத்தது அரை மில்லி விநாடி. அதே ஆறு கோரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோரும் 20 சதவீதம் விரைவாக வேலை செய்தால், 10 என்பது 8.3 ஆகிவிடும்.

ஒரு கோர் விரைவாக வேலை செய்வது என்றால் கிகாஹெர்ட்ஸ் கூடுவது என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பாதை எப்போதோ அடைபட்டுவிட்டது. 2004 நவம்பரில் வந்த ஒரு பென்டியம் 4 பிராசஸரின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த ரைசன் 5 5600 உச்சத்தில் எட்டுவது 4.4. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளில் கூடியது இவ்வளவுதான். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கேற்ப மின்னழுத்தமும் குறையும், சூடு கூடாமலே வேகத்தை ஏற்றலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் ஒரு விதியை வகுத்துத் தந்தார்கள். முப்பது ஆண்டு பலித்த அந்த விதி, கசியும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த முடியாத நிலை வந்தபோது 2005 வாக்கில் பொய்த்துப்போனது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி, ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளையை முடிக்கிறது என்பதில் வந்தது. கேமைப் பொறுத்தவரை அதிலும் பெரிய பங்கு, பிராசஸர் சும்மா காத்திருக்கும் நேரத்தைக் குறைத்ததில்தான் கிடைத்தது.

பிராசஸருக்கு அப்படி என்ன காத்திருப்பு? கணக்குப் போட வேண்டிய எண் ரேமில் இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர 60 முதல் 80 நானோ விநாடி ஆகிறது. நம் அளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 4 கிகாஹெர்ட்ஸில் துடிக்கும் கோருக்கு ஒரு துடிப்பு என்பது கால் நானோ விநாடி. அந்தத் துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பாருங்கள். கோரை ஒட்டியிருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தின் முதல் அடுக்கிலிருந்து தகவல் வர நான்கு விநாடி. இரண்டாம் அடுக்கிலிருந்து பன்னிரண்டு விநாடி. எல்3 என்று சொல்லும் மூன்றாம் அடுக்கிலிருந்து முக்கால் நிமிடம். அங்கேயும் இல்லாமல் ரேமுக்குப் போனால் நான்கு அல்லது ஐந்து நிமிடம்.

கோர் அதுவரை வெறுமனே நிற்பதில்லை. பின்னால் வரும் கட்டளைகளில் அந்தத் தகவலைச் சாராதவை எவை என்று பார்த்து முன்கூட்டியே செய்துவைக்கும். இதற்காக முதல் தலைமுறை ரைசனில் 192 கட்டளைகளை வரிசையில் நிறுத்த இடம் உண்டு, 3600-இல் அது 224, 5600-இல் 256. துடிப்புக்கு நான்கைந்து கட்டளை வீதம் எடுத்தால் அந்த வரிசை ஐம்பது அறுபது துடிப்பிலேயே நிறைந்துவிடும். ரேமிலிருந்து தகவல் வருவதற்கு இன்னும் இருநூறுக்கும் மேற்பட்ட துடிப்பு பாக்கி இருக்கும். அந்த நேரமெல்லாம் கோரில் எந்த வேலையும் நகராது. கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது, ஏனென்றால் தாமதம் ரேமின் பக்கம் இருக்கிறது.

வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது இந்தத் தொல்லை குறைவு. அங்கே தகவல் வரிசையாக வருகிறது; அடுத்து எது வேண்டும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்துவைத்துவிடலாம். கேமில் அப்படி முடியாது. நகரத்தில் நடமாடும் ஒவ்வொரு ஆளின் விவரமும் ரேமில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. ஓர் ஆளின் விவரத்தைப் படித்த பிறகுதான் அவர் கையிலிருக்கும் துப்பாக்கியின் விவரம் எங்கே இருக்கிறது என்பதே தெரியும். அதைப் படித்த பிறகுதான் அதிலுள்ள தோட்டா பற்றித் தெரியும். இப்படி ஒவ்வொரு படியிலும் அந்த நீட்டிய கணக்கில் ஐந்து நிமிடம் போனால் 16.7 மில்லி விநாடி என்னத்துக்குக் காணும்? கேம்களுக்கு எல்3 கேஷின் அளவு இவ்வளவு முக்கியமாகிவிட்டது இதனால்தான். வீடியோ எடிட்டிங்கில் 2700 நன்றாக உழைப்பதும், கேமில் 3600-இடம் தோற்பதும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

இப்போது ஏ.எம்.4 குடும்பத்தை இந்தக் கண்ணோடு பார்ப்போம். 2017 ஏப்ரலில் வந்த 1600-இல் ஆறு கோர்கள் மும்மூன்றாக இரண்டு அணிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் 8 எம்.பி. எல்3. 2018இல் வந்த 2700-இலும் இதே ஏற்பாடுதான், அணிக்கு நான்கு கோர் என்பது மட்டும் வித்தியாசம். பெட்டியில் 16 எம்.பி. என்று போட்டிருந்தாலும் ஒரு கோர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிவது 8 எம்.பி. மட்டுமே. பக்கத்து அணியிடம் இருக்கும் தகவல் வேண்டுமென்றால் இரண்டையும் இணைக்கும் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அது கிட்டத்தட்ட ரேமுக்குப் போகும் தொலைவு. 2019 ஜூலையில் வந்த 3600, அணிக்கு 16 எம்.பி. என்று கேஷை இரட்டிப்பாக்கியது. நிரல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்கும் பகுதியும் அதில் நன்றாக மேம்பட்டது. ஆறு கோர் எட்டு கோரை முந்தியது இப்படித்தான்.

2020இல் ரைசனுக்கு வந்த மூன்றாம் தலைமுறை ஜென் வடிவமைப்பு அந்த இரண்டு அணிகளுக்கு நடுவில் இருந்த சுவரையே இடித்துவிட்டது. 5600-இல் ஆறு கோரும் ஒரே அணி, 32 எம்.பி. கேஷ் முழுவதும் எல்லாருக்கும் பொது. 3600-இலும் கூட்டினால் 32 எம்.பி. வரும். ஆனால் ஒரு கோருக்குக் கைக்கெட்டுவது 16-தானே! துடிப்புக்கு 19 சதவீதம் கூடுதல் வேலை என்று ஏ.எம்.டி. அப்போது சொன்னது. கேம்களில் கிடைத்த வேறுபாட்டில் இந்தச் சுவர் இடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 5500-ஐ வாங்கும்போது கவனம் தேவை. பெயரளவில் அது 5600-க்கு ஒரு படி கீழே. உள்ளே அது லேப்டாப்புக்காக வடிவமைத்த சிப்பின் உருமாற்றம். எல்3 கேஷ் 16 எம்.பி. மட்டுமே. கேம்களில் அது பெரும்பாலும் 3600-இன் பக்கத்திலேயே நிற்கிறது. 5500-க்கும் 5600-க்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் யோசிக்காமல் 5600-ஐ எடுப்பேன்.

கேஷ் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று 2022 ஏப்ரலில் வந்தது. ஏற்கெனவே இருந்த 5800எக்ஸ் சிப்பின் முதுகில், இன்னொரு மெல்லிய சிலிக்கான் தகட்டில் 64 எம்.பி. கேஷை ஏற்றி ஒட்டி 5800எக்ஸ்3டி என்று வெளியிட்டார்கள். ஈயப் பற்று எதுவும் இல்லை. செம்போடு செம்பு நேரடியாகப் பிணைகிறது. மொத்தம் 96 எம்.பி. மேலே ஏறி உட்கார்ந்த தகடு சூடு வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும் என்பதாலும் அதிக மின்னழுத்தம் தாங்காது என்பதாலும் உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டியிருந்தது. அதே கோர்கள், அதே எண்ணிக்கை, வேகம் குறைவு. இருந்தும் பெரும்பாலான கேம்களில் பழையதைத் தெளிவாக முந்தியது. 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் இன்னும் குறைவு, 4.1 தான், அதுவும் கேமில் 5800எக்ஸைவிட மேல். வீடியோ மாற்றும் வேலையைக் கொடுத்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். ஒரு பொறியியல் மாற்றத்தின் விளைவை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பு கம்ப்யூட்டர் உலகில் அரிது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருவதை மறைக்க முடியவில்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் தாமதம் பிராசஸரால்தானா? இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஆட்கள் நெருக்கமாக நடமாடும் ஓர் இடத்தில், சைபர்பங்க் 2077-இன் கடைத்தெரு போன்ற இடத்தில், உங்கள் பாத்திரத்தை நிறுத்திவைத்து எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை படம்) எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். கிராபிக்ஸ் கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. பிராசஸரின் வேலை அப்படியே இருக்கிறது. எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கார்டு. அசையாமல் நின்றால் பிராசஸர். நண்பர் ஒருவர் 1600-ஐ மாற்றியே தீர வேண்டும் என்று பணத்தோடு தயாராக இருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் இதைச் செய்து பார்த்தபோது ரெசல்யூஷனை இறக்கியதும் எண் விறுவிறுவென்று ஏறியது. அவருடைய பழைய கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. பிராசஸருக்கு ஒதுக்கிய பணம் கார்டுக்குப் போனது.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம்தான் ஓடுகிறது, எனவே பிராசஸரில் குறையில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் எல்லா த்ரெட்களின் (கோர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும் வேலைத் தொடர்களின்) சராசரி. பன்னிரண்டு த்ரெட்டில் ஒன்று முழுதாக மூச்சு முட்டிக்கொண்டு மற்றவை சும்மா இருந்தால் சராசரி எட்டு சதவீதம் காட்டும். கிராபிக்ஸ் கார்டின் எண்ணைப் பாருங்கள். அது 95-க்கு மேல் இருந்தால் கார்டு முழு மூச்சாக வேலை செய்கிறது. 60, 70 என்று தடுமாறினால் பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. இன்னொரு விஷயம். பிராசஸர் போதாமல் போவது பல நேரம் சராசரி எஃப்.பி.எஸ்.ஸில் தெரியாது. சராசரி 80 காட்டிக்கொண்டே, திருப்பத்தில் வண்டியை வளைக்கும் நொடியில் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். அதை அளக்கத்தான் மிக மோசமான ஒரு சதவீதப் படங்களைத் தனியாக எடுத்துக் கணக்கிடுகிறார்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது சராசரியைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

நான்கு கோர் பிராசஸர்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கும் பிறகு சட்டென்று தளர்ந்ததற்கும் காரணம் கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறது. பெரிய கேம்களை முதலில் கன்சோலுக்காகத்தான் வடிவமைக்கிறார்கள். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தவை 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய எட்டு நோஞ்சான் கோர்கள். அதில் ஓடும்படி எழுதிய கேமை 2011-ஆம் ஆண்டின் ஐ5-2500கே கூட எளிதாக இழுத்துவிடும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பவை 3600-இல் உள்ள அதே ஜென் 2 வகைக் கோர்கள், எட்டு, 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை. பழைய கன்சோலைக் கைவிட்டு புதியதற்கு மட்டும் கேம்கள் வரத் தொடங்கியதும் அடித்தட்டு ஒரேயடியாக உயர்ந்துவிட்டது. சைபர்பங்க் 2077 வெளியானபோது குறைந்தபட்சத் தேவை ஐ5-3570கே அல்லது எஃப்எக்ஸ்-8310. 2023இல் அதை ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600 என்று உயர்த்தினார்கள். அடுத்த தலைமுறை கன்சோல் வேரூன்றும் வரை 3600-இன் தரம்தான் தரைமட்டம் என்று நான் கருதுகிறேன். அதற்குக் கீழே இருப்பதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

இதே அளவுகோலை இன்டெல் பக்கம் கொண்டுபோவோம். கம்பெனிகள் கழித்துவிட்ட ஐ5-4570, ஐ5-6500 கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன; ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிக் கேம் ஆடும் மாணவர்கள் பலர். நான்கு கோர், நான்கு த்ரெட் என்பதால் இவை இன்று திணறுகின்றன. அதே போர்டில் ஐ7-4770, ஐ7-6700 என்று எட்டு த்ரெட் உள்ளதைப் பொருத்தினால் படம் உறைந்து நிற்பது நன்றாகவே குறையும். சிக்கல் விலையில். ஒரு சாக்கெட்டின் தலைசிறந்த பிராசஸரை அந்தச் சாக்கெட் வைத்திருக்கும் எல்லாருமே தேடுவதால் அதன் விலை இறங்குவதே இல்லை. நான்காம் தலைமுறைப் போர்டு என்றால் ஜியான் ஈ3-1230 வி3 ஒரு நல்ல குறுக்குவழி. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ஐ7 அது. ஆறாம் தலைமுறையில் இந்த வழியை இன்டெல் அடைத்துவிட்டது. ஈ3 வி5 சாதாரண போர்டுகளில் எழும்பாது. எட்டாம் தலைமுறை ஐ5-8400-ஐ ஆறாம் தலைமுறைப் போர்டில் போடலாமே என்று நினைக்காதீர்கள். சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டும்.

சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் ஈ5-2670-க்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு கோர், பதினாறு த்ரெட், 20 எம்.பி. கேஷ் என்றதும் மனம் தடுமாறத்தான் செய்யும். 2012-ஆம் ஆண்டு வடிவமைப்பு, உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 115 வாட் சூடு. ஒற்றைக் கோரின் ஓட்டம் இன்றைய கேமுக்குக் காணாது. 2013இல் இன்டெல்லின் நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியும் அதில் கிடையாது. அதை எதிர்பார்க்கும் மென்பொருள் மெதுவாகக்கூட ஓடாது, திறக்கவே திறக்காது.

விண்டோஸ் கணக்கையும் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையும் ரைசன் 2000 வரிசையும்தான் தொடக்கம். 1600 அதில் இல்லை, ஐ7-6700-ம் இல்லை. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் கேமை ஆட டி.பி.எம். 2.0-ம் செக்யூர் பூட்டும் கட்டாயம். மாற்று வழிகளில் விண்டோஸை நிறுவலாம்தான், ஆனால் காசு கொடுத்து வாங்கும் பிராசஸர் பட்டியலுக்குள் இருப்பது நல்லது.

ஆகவே ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு என் பதில் 5600. 65 வாட் சிப் என்பதால் சாதாரணக் கூலரே போதும். சென்னை மே மாதத்தில் அறை வெப்பம் 36, 37 என்று இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கார்டு நடுத்தரமானது, 60 எஃப்.பி.எஸ். போதும், 3600 மிக மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதுவும் நியாயமான தேர்வு. எக்ஸ்3டி சிப்களுக்குச் செலவழிப்பது, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேமை உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட்டில் ஆடுகிறவர்களுக்கும் ஃப்ளைட் சிமுலேட்டர், பெரிய வியூக விளையாட்டுகள் ஆடுகிறவர்களுக்கும் பலன் தரும். நல்ல கார்டு இல்லாதவர் அந்தப் பணத்தைக் கார்டில் போடட்டும்.

கார்டைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. பழைய போர்டுகளின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 பாதையே பெரும்பாலான கார்டுகளுக்குப் போதும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே தடங்களைப் பயன்படுத்துவதால் அங்கே வெகுவாகத் தடுமாறும். 5600 பிராசஸர் 4.0 பாதையை ஆதரித்தாலும் பி450 போர்டு அதைத் தராது. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டின் டிரைவர் பிராசஸருக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. பழைய பிராசஸரோடு சேர்த்தால் கார்டின் முழுப் பலனும் கிடைக்காது.

செகண்ட் ஹேண்டில் பயமில்லாமல் வாங்கக்கூடிய பாகம் ஒன்று உண்டென்றால் அது பிராசஸர்தான். மதர்போர்டின் கெப்பாசிட்டர் வீங்கும், கார்டின் விசிறி தேயும். பிராசஸர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். ஏ.எம்.4-இல் பார்க்க வேண்டியது பின்கள். 1331 பின்கள் சிப்பின் அடியில் மயிர்க்கால் போல நிற்கின்றன. கடையில் வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து, கண்ணுக்கு நேராக உயர்த்தி, ஒரு வரிசையை ஓரத்திலிருந்து பாருங்கள். எல்லாம் நேராக இருந்தால் வரிசைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். எங்காவது கோடு உடைந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது. மூலையில் கூலருக்கு அடியில் பூசும் பேஸ்ட் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய சிப்பைக் கழற்றுவதற்கு முன் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதிய சிப்பைப் போட்ட பிறகு என்றால் திரையே வராது. 5000 வரிசையைப் பழைய போர்டுகளில் அனுமதிக்க ஏ.எம்.டி. முதலில் மறுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 மே மாதத்தில் பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கு இறங்கி வந்தது. 300 வரிசைக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று போர்டு நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் இடம் போதாமல் பழைய சிப்களின் ஆதரவை நீக்கிவிட்டுத்தான் புதியதைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே திரும்பிப் போக முடியாது.

கூலரைக் கழற்றும்போது அவசரம் ஆகாது. ஏ.எம்.4 சாக்கெட்டில் சிப்பை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் தகடு கிடையாது. காய்ந்துபோன பேஸ்ட் பசைபோலப் பிடித்துக்கொள்ள, கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டிய நிலையிலேயே பிராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சிறிது நேரம் ஒரு கேமை ஓடவிட்டுச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, இணைப்பைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விட்டுவிடும்.

பயாஸ் அப்டேட் செய்தால் ரேமின் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். 3200 வேக ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் உள் இணைப்புப் பாதையின் வேகமும் ரேமோடு கட்டுண்டது என்பதால் இரட்டை நஷ்டம். புது பிராசஸர் போட்டும் பெரிதாக மாற்றம் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்று இருப்பதை மறுபடி இயக்குங்கள். ஒரே 16 ஜி.பி. ரேம் தனியாக இருந்தால், போர்டும் சிப்பும் இரண்டு தடம் வைத்திருந்தும் ஒன்றுதான் வேலை செய்கிறது. அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் போடுங்கள்.